நடுக்கடலில் சோடா

எண்பதுகளின் நடுப்பகுதி. பம்பாய் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் மரப்பெட்டி செய்யும் பட்டறையில் தச்சர். தோல் பைகளும் பெல்ட்டுகளும் வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளெல்லாம் அவர் அடித்துக் கொடுத்தவைதான். மழை ஓய்ந்து கடல் அடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாஹிமுக்கு அப்பால் கடலுக்குள் நடந்தது இது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆறியிருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு ஆறவில்லை. நடுவில் கொஞ்சம் சூடாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, பீடிகூடக் கிடையாது. சினிமாவுக்குக் கூட்டிப்போனால் இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிடுவார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் மீன். தின்பதில் இல்லை, பிடிப்பதில். பட்டறையில் பெட்டிக்குள் திணிப்பதற்காகப் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். அதில் ஒருநாள் ஒரு படம் பார்த்திருக்கிறார். மெலிசான ஒரு படகு. ஒரே ஓர் ஆள் காலை நீட்டி உட்காரும் அளவு. கையில் இரண்டு நுனியிலும் தட்டை வைத்த துடுப்பு. சுற்றிலும் தண்ணீருக்குள் கொடிகொடியாகப் பாசிக்காடு. அந்த ஆளின் மடியில் ஆள் நீளத்துக்கு ஒரு மீன். மனுஷர் அந்தப் படத்தை வெட்டிக்கொண்டுவந்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். நான் கிழிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் பட்டறையில் கழித்துப் போட்ட பிளைவுட் துண்டுகளைச் சேர்த்து, இடுக்கெல்லாம் தார் பூசி, அதே மாதிரி ஒன்றைச் செய்தே விட்டார். தெருவே வந்து பார்த்தது. "என்ன அண்ணாச்சி, உயிரோட இருக்கும்போதே பெட்டி செஞ்சு வச்சுட்டீயளா?" என்று கிண்டல். நான் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமையானால் என்னை விட்டுவிட்டு அதனிடம் போய்விடுவாரே. அந்த மாதிரிப் படகுக்குக் கயாக் என்று பெயர் என்பதே பிற்பாடு என் மகன் படித்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சக்களத்தி குடியிருந்தது மாஹிம் கரையில், ஒரு கோலி மீனவர் குடிசைக்குப் பின்னால். அவருடைய பெண்டாட்டிதான் எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவருவாள். மராத்தியில் சித்தியை மாவுஷி என்பார்கள். நானும் அவளை மாவுஷி என்றே கூப்பிடுவேன். மீனைக் கூறுபோட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். அவள் பேசுவது மராத்தி, நான் பேசுவது பரீட்சைக்குப் படித்த மராத்தி. டீச்சர் வேலையில் நிலைக்க அந்தப் பரீட்சை எழுதியாக வேண்டும், அதனால் எனக்கு ஓரளவு புரியும். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் வரவில்லை. தாராவியில் வேலை, வீடு, கடை எல்லாமே தமிழிலும் அரைகுறை இந்தியிலும் ஓடிவிடும். மராத்தி அவர் காதில் விழும், உள்ளே போகாது.

மாவுஷியின் புருஷன்தான் அவருக்கு இடம் காட்டிக் கொடுத்தது. மாஹிமைத் தாண்டிக் கடலுக்குள் பாறைக் கூட்டம் ஒன்று உண்டு. நீர் வற்றும்போது தலை தெரியும். பாறையைச் சுற்றித் தலைமுடியை விரித்துப் போட்டது போலக் கடல்பாசி. அதற்குள்தான் பெரிய பெரிய கொடுவா ஒளிந்துகொண்டிருக்குமாம். இவரும் பல ஞாயிறு போனார். மூக்கு கறுத்துப்போய், கையகல மீன் இரண்டோடு வருவார். "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டால், "பெருசு அங்கனதான் கெடக்கு, ஏளா. நான் கண்ணால பாத்தேன்" என்பார்.

அந்தப் பெரிசை நானும் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கு அடம்பிடித்துக் கிளம்பினேன். மாவுஷிக்குப் பாறையில் சிப்பி பெயர்க்கிற வேலை இருந்தது. அவள் புருஷன் துடுப்புப் போட, அவர்களுடைய சின்னப் படகில் நானும் ஏறிக்கொண்டேன். மடியில் இட்லித் தூக்குச்சட்டி. கூப்பிடு தூரத்தில் என் வீட்டுக்காரர் பாசிக்கு நடுவே அந்தப் பிளைவுட் பெட்டிக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணத்தன்றைக்குக்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

தூண்டிலின் நைலான் நரம்பை அவர் இடது உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பது வழக்கம். அது வேண்டாம் என்று மாவுஷியின் புருஷன் சைகையால் பலமுறை சொல்லியிருக்கிறார். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சுற்றிக்கொள்வார். அன்றைக்கும் அப்படித்தான்.

பெரிசு மாட்டியது. முதலில் படகு நின்ற இடத்திலேயே ஒரு திரும்பு திரும்பியது. அப்புறம் துடுப்பே போடாமல் வேகமாகப் போக ஆரம்பித்தது. நான் கையைத் தட்டிச் சிரித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாவுஷி சிரிக்கவில்லை. மீன் பாசிக்குள் பாய்ந்து ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது, படகு குப்புறக் கவிழ்ந்தது. கொஞ்சம் பொறுத்துத் தலை தெரிந்தது. கவிழ்ந்த படகை வலது கையால் கட்டிக்கொண்டிருந்தார். இடது கையை மீன் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாவுஷி எழுந்து நின்று கத்தினாள். "சோடா, சோடா, அரே சோடா." மராத்தியில் சோடா என்றால் விடுங்கள், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். அவளுக்கு இந்தியும் தெரியும்தான். ஆனால் உயிர் போகிற அவசரத்தில் யாருக்கும் சொந்தப் பாஷைதானே வாயில் வரும்? பதறிப்போன எனக்கு அதைத் தமிழில் திருப்பிக் கத்தத் தோன்றவில்லை. அவள் புருஷன் எட்டி எட்டித் துடுப்புப் போட்டார். ஆனால் எதிர்நீரில் எங்கள் படகு நகரவே மாட்டேன் என்றது.

அந்த நேரத்தில் பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்ஜின் சத்தத்தோடு வெள்ளையாக ஒரு மோட்டார் படகு வந்தது. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிற பெரிய மனுஷர்கள். குச்சியும் சக்கரமுமாக நாலைந்து தூண்டில் நட்டு வைத்திருந்தார்கள். முன்னால் தொப்பி போட்டு நின்றவரைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏனென்றால் அவரை எனக்குத் தெரியும். செம்பூரில் குடியிருக்கிற ஒரு பெரிய அதிகாரி, தமிழர். அந்த வருஷம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர். "பிழைக்க வந்த இடத்தில் தமிழனுக்குத் தமிழன்தான் கை கொடுக்கணும்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசியவர். அன்றைக்குக் கைத்தட்டினவர்களில் நானும் ஒருத்தி.

"சார், அது என் வீட்டுக்காரர், காப்பாத்துங்க சார்" என்று கும்பிட்டுக் கத்தினேன். அவர் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, நல்ல கணீரென்ற குரலில், தமிழில் சொன்னார்: "விடாதே, விடாதே. கெட்டியாப் பிடிச்சுக்கோ. இதோ வந்தாச்சு."

நடுக்கடலில் தமிழ்க் குரல். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவர் பிடியை இறுக்கினார். ஒரு பக்கம் மாவுஷி தொண்டை கிழிய "சோடா" என்கிறாள். இன்னொரு பக்கம் நம்ம ஆள் "விடாதே" என்கிறார். இவர் யாரை நம்புவார்? நானும் நம்பினேனே. வந்துவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று கண்ணை மூடித் திறந்தேன்.

திறந்து பார்த்தால், அந்தப் படகு என் வீட்டுக்காரரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நரம்பு எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கமாக மெதுவாகச் சுற்றி வந்தார்கள். ஒருவர் நீளக் கம்பில் கொக்கி மாட்டி வைத்திருந்தார். "ஆ, விடாதே, இன்னும் கொஞ்சம்" என்று தொப்பிக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடாதே என்று அவர் சொன்னது உயிரை இல்லை. படகை இல்லை. மீனை.

கொக்கி போட்டு இரண்டு பேர் சேர்ந்து அந்தக் கொடுவாவை மேலே இழுத்தார்கள். வெள்ளி மாதிரி மின்னியது. பாதி ஆள் உயரம் இருக்கும். அது உள்ளே விழுந்ததும் கத்தியால் நரம்பை அறுத்தார்கள். அந்த இழுப்பு சட்டென்று போனதில் என் வீட்டுக்காரரின் பிடி நழுவி, தலை தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்குள் எங்கள் படகு பக்கத்தில் போயிருந்தது. மாவுஷியின் புருஷன் அப்படியே குதித்து, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். நானும் மாவுஷியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்துப் போட்டோம்.

இடது கையைப் பார்த்தேன். நரம்பு உள்ளங்கையை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. மாவுஷி தன் புடவை முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். சுற்றச் சுற்றச் சிவந்தது. கரை வெகுதூரம். எங்களிடம் இருந்தது துடுப்பு. அவர்களிடம் இன்ஜின். "சார், ரத்தம் நிக்கல. உங்க போட்ல ஏத்திக் கரையில விட்டுருங்க சார்" என்று கெஞ்சினேன்.

அவர் சொன்ன பதிலை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "உங்க படகிலேயே கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. இங்க இடமில்ல, மீன் துள்ளுது."

இடமில்லையாம். மீனுக்கு இருந்த இடம் மனுஷனுக்கு இல்லையாம். இவர் பிடித்த மீன் அது, இவர் ரத்தத்தில் வந்த மீன். கேட்டிருந்தால் கொடுத்துவிட்டுப் போயிருப்போமே, எங்களுக்கு எதற்கு அந்த மீன்? வாய் கூசாமல் சொல்லிவிட்டு இன்ஜினைத் திருப்பினார்கள். அந்த அலையில் எங்கள் படகு ஆடிய ஆட்டத்தில் இட்லித் தூக்குச்சட்டி கடலுக்குள் போனது. நான் எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் அன்றைக்குச் சொன்னேன். டீச்சர் வாயில் வரக்கூடாத வார்த்தைகள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றுகூட அவர் காதில் விழுந்திருக்காது, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மாவுஷியின் புருஷன் கரை வரைக்கும் துடுப்புப் போட்டார். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, கட்டுக் கட்டிப் படுக்கவைத்தார்கள். கண் விழித்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஏளா, அந்த மாவுஷி எதுக்கு நடுக்கடல்ல சோடா, சோடான்னு கத்துச்சு? மயக்கம் போட்டுருவேன்னு சோடா ஒடச்சுக் குடுக்கவா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அர்த்தத்தைச் சொன்னேன். "விட்டுருவோம்னுதான் விரல விரிக்கப் போனேன். அப்பப் பாத்து தமிழ்ல விடாதேன்னு கேட்டுச்சு. சரி, நம்ம ஆளு சொல்லுதாருன்னு..." என்றார். விரித்திருந்தால் நரம்பு கழன்று ஓடியிருக்கும். தோல் உரிந்திருக்கும், அவ்வளவுதான்.

காயம் ஆறியது. ஆனால் இடது கையில் சுண்டு விரலும் அடுத்த விரலும் மடங்கினபடியே நின்றுவிட்டன. உளியைச் சரியாக நிறுத்திப் பிடிக்கிற கை அது. பட்டறை முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இணைப்பு வேலை, இழைப்பு வேலை எல்லாம் வேறு ஆளுக்குப் போனது. இவர் பெட்டிகள் மேல் விலாசம் எழுதுகிற ஆளாகிவிட்டார். சக்களத்தியைக் கோலிக்காரர் கரைக்கு இழுத்துக்கொண்டுவந்து வைத்திருந்தார். இவர் போய்ப் பார்க்கவே இல்லை.

இத்தனைக்கும் அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது. "வேணும்னா செஞ்சாரு? மீன் வெறி எனக்குத் தெரியாதா? பெருசு இல்ல அது" என்பார். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். அப்படிச் சொன்ன ஒருநாள் அவருக்குச் சோறு போடாமல் தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த வருஷ ஆண்டு விழா வந்தது. தலைமை யார் என்று கேட்டேன். அதே மனுஷர். தலைமையாசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்? பள்ளிக்கூடத்துக்கு நாலு பெஞ்சு வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தாராம். "பொறுத்துக்கோ டீச்சர், பிள்ளைங்களுக்காக" என்றார்கள். எப்போதும் போல நன்றியுரை என் தலையில்தான். குரல் கணீரென்று இருக்கும் என்று அதை எனக்கே கொடுப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேளுங்கள். விடாமுயற்சி. "ஒருதரம் கடல்ல பெரிய மீன் ஒண்ணு மாட்டிச்சு, பசங்களா. போராட்டம்னா அப்படி ஒரு போராட்டம். நரம்பு கையை அறுக்குது. நான் விட்டேனா? விடலை. அதுதான் விடாமுயற்சி" என்று தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். வழவழவென்று ஒரு கீறல் இல்லாத கை. பிள்ளைகள் கூடம் அதிரக் கைதட்டின. என் வீட்டுக்காரர் கூடத்தின் பின்வாசலில், தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்தபின் என் கால் நிற்கவில்லை. மேடைக்குப் போனேன். கத்தவேண்டும், எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் போனேன். முன்வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதுகள் முன்னால் எப்படிக் கத்துவது? அதனால் நன்றி சொன்னேன். மைக் செட்காரருக்குச் சொன்னேன். திரை இழுத்தவருக்கு, கோலம் போட்ட பிள்ளைகளுக்கு, டீ கொண்டுவந்த கடைக்காரருக்கு, கூடம் பெருக்கிய அம்மாவுக்கு, மழைக்கு ஒதுங்கி வந்து நின்று நாடகம் பார்த்த வழிப்போக்கர்களுக்குக்கூடச் சொன்னேன். வணக்கம் என்று சொல்லி இறங்கிவிட்டேன். தலைமை தாங்கியவரின் பெயரைச் சொல்லவில்லை. நம் விழாக்களில் அது எவ்வளவு பெரிய குறை என்று உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியை நெற்றியில் கை வைத்துக்கொண்டார்கள்.

மாலையும் கையுமாக அவர் இறங்கிவந்து என்னைப் பிடித்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "என்ன டீச்சர், எல்லாரையும் சொல்லிட்டு என்னை மட்டும் விட்டுட்டீங்களே?"

"ஆமா சார், விட்டுட்டேன்" என்றேன். "போன வருஷம் மாஹிம் கடல்ல நீங்க விடாதேன்னு சொன்னப்ப, ஒரு மீன்காரம்மா விட்டுரு, விட்டுருன்னு கத்துனா. அவ சொன்னதைத்தான் கேட்டிருக்கணும். அன்னைக்குக் கேக்கல. இன்னைக்குக் கேட்டுட்டேன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் பார்த்த பக்கம் திரும்பிப் பின்வாசலில் நின்றவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்கிறீர்கள்? பைக்குள் இருந்த கையை எடுத்து, அந்த மடங்கிய விரல்களோடு அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்த ஆள் பதிலுக்குக் கும்பிடவும் முடியாமல், மாலையைக் கையில் உருட்டிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். பெஞ்சு வரவில்லை. அதற்காகத் தலைமையாசிரியை என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

இப்போது நாங்கள் வாஷியில் மகன் வீட்டில் இருக்கிறோம். மாவுஷி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரை பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். நம் பாஷை பேசுகிறவர் என்பதற்காக யாரையும் நான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. புரியாத பாஷையில் யாராவது கத்தினால், என்ன சொல்ல வருகிறார்கள் என்று நின்று கேட்கிறேன். கடையில் யாராவது சோடா கேட்டால் என் கை தன்னாலே விரிந்துகொள்கிறது. பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரரின் கையில் மட்டும், தமிழில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி மடங்கிய அந்த இரண்டு விரல்கள் இன்னும் விடவில்லை.